கால்விரல் மாத்திரையும் புன்-ஹோக்கின் நெஞ்சும்

டுங்காங் துறைமுகத்தில் பருவத்தின் முதல் சூரைமீனை இரண்டு முறை கரைசேர்த்தவன். புயலில் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி விடியும்வரை மிதந்து உயிரோடு திரும்பியவன். சென்ற குளிர்காலத்தில் மாரடைப்பையும் வென்றவன். தம்பி புன்-ஹோக்கைப் பற்றி ஸியோக்-லான் இந்த வரிசையில்தான் சொல்வாள். ஒன்றையும் விடமாட்டாள்.

காலையில் கஞ்சிக்கடையில் அவன் செய்தித்தாளை அகலமாக விரித்துக்கொள்வான். பக்கத்தில் படிப்பவர்கள் சிரித்தால் அவனும் சிரிப்பான். எழுத்து தெரியாது என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். ஏலத்துக்கும் வங்கிக்கும் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்த, இடுப்புப் பையில் உள்ள பெயர் முத்திரை போதும்.

இதய மருத்துவர் ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொன்னார். கோல்சிசின் என்று மாத்திரையின் பெயரைக் கேட்டதும், அக்காவோடு துணைக்கு வந்திருந்த படகுத் தோழன் அ-குன் தொடையைத் தட்டினான். "டேய், இது பீர் குடிச்சுக் கால் பெருவிரல் வீங்கினா போடுற மாத்திரைடா! துறைமுகத்துல பாதிப்பேர் பையில இருக்கு. உன் நெஞ்சு எப்படா விரலாச்சு?"

"ரத்தக்குழாய்ச் சுவரும் உள்ளுக்குள்ள அழற்சியில புண்ணாகுதுங்க," என்றார் மருத்துவர். "கொழுப்பைக் குறைச்சாலும் சிலருக்கு அது அடங்காது. தினம் கொஞ்சமாக் குடுத்தா மறுபடி அடைப்பு வராமத் தடுக்குமான்னு பாக்குறோம். பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரைதான்."

நர்ஸ் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் குத்த, புன்-ஹோக் முத்திரையை எடுத்தான்.

"முத்திரை வேணாம் தாத்தா," என்றாள் நர்ஸ். "உங்க கையாலயே பேரெழுதணும். வராதுன்னா கைநாட்டு வைங்க, இவர் சாட்சி போடட்டும்." அ-குன்னைக் காட்டினாள்.

அவன் காதுவரை சிவந்தான். "யாருக்கு வராது? வெறும் மாத்திரைக்கு எதுக்குக் கையெழுத்து?" என்று வெளியேறிவிட்டான்.

அ-குன் டீ வாங்கப் போனதும், பேருந்து நிறுத்தத்தில் புன்-ஹோக் செருப்பையே பார்த்துக்கொண்டு அக்காவிடம் சொன்னான். "அவன் முன்னாடி கைநாட்டு வெச்சுட்டு எந்த மூஞ்சியோட கஞ்சிக்கடைக்குப் போவேன்க்கா? அடைப்பு வந்தா வரட்டும்."

"வந்தா உன் சவப்பெட்டிக்குப் பின்னாடி நான்தான் நடக்கணும். குடும்பப் பேரோட சேத்தே மூணே எழுத்துடா. நாலாவது படிச்ச பெரிய வாத்தியார் நானிருக்கேன்ல?"

ஐஸ் பெட்டியின் மூடியில் படிந்த பனியில் அவள் எழுதிக்காட்ட, அவன் விரலால் பழகினான். யாராவது வந்தால் உள்ளங்கையால் துடைத்துவிடுவான்.

மறுமுறை மருத்துவமனைக்கு அ-குன்னை அழைக்கவில்லை. நர்ஸ் பார்க்காதபடி இடது கையை அணைபோல வைத்து, காகிதம் கிழியுமளவு அழுத்தி, புன்-ஹோக் தன் பெயரை எழுதினான். அடுத்து தேதி. எண்கள் அவனுக்குப் பழக்கம். கையை எடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்கவே எழுதினான்: 2019 / 4 / 16.