மைலோவின் நீலக் கயிறு

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, பள்ளி ஓய்வு நேரத்தில், வனேசா அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் வீடு இருக்கும் கிள்ளான் செந்தோசா குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தீபாவளி வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. விளக்கு, கோலம், மறுபடியும் விளக்கு. அவற்றுக்கு நடுவே புதன்கிழமை யாரோ ஒரு புண்ணியவான், நகராட்சியான மஜ்லிஸின் நாய் பிடிக்கும் லோரி ஒன்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். லோரியின் பின்னால் கூண்டு, கூண்டுக்குள் தெருநாய்கள், கீழே ‘நன்றி மஜ்லிஸ்’ என்று மூன்று கும்பிடு. கூண்டின் ஓரத்தில் பழுப்பு நாய் ஒன்று ஒடுங்கி நின்றது. வனேசா படத்தைப் பெரிதாக்கினாள். நாயின் கழுத்தில் நீலக் கயிறு தெரிந்தது.

நான்கு நாளாகத் தொண்டை கிழியக் கூப்பிட்டுத் தேடிய மைலோ, இரண்டு நாளாகத் தன் கைப்பேசிக்குள்ளேயே இருந்திருக்கிறது. வனேசாவுக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறைவதற்கு யாரும் பக்கத்தில் இல்லை.

மஜ்லிஸுக்கு அழைத்தாள். மூன்று இலாகாக்கள் மாற்றி மாற்றிவிட்டு, கடைசியில் நாய்களை அடைத்துவைக்கும் இடத்தில் ஒரு பெண் எடுத்தாள். நாயின் கழுத்தில் லைசன்ஸ் தகடு உண்டா என்று மலாயில் கேட்டாள்.

“இல்ல. ஆனா லைசன்ஸ் இருக்கு, தகடும் என்கிட்டதான் இருக்கு,” என்றாள் வனேசா.

தகடு இருக்க வேண்டிய இடம் நாயின் கழுத்து என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். தகடில்லாத நாய்க்கு இன்றுதான் கடைசி நாள். வெள்ளிக்கிழமை என்பதால் தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்கு கவுண்டரை மூடிவிடுவார்கள், திரும்பத் திறக்க இரண்டே முக்கால் ஆகும். ஊசி போடும் டாக்டரோ இரண்டரைக்கெல்லாம் நேராகக் கூண்டுப் பக்கம் போய்விடுவார். வருவதென்றால் பன்னிரண்டே காலுக்கு முன்னால் வா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வகுப்பாசிரியரிடம் வயிற்றுவலி என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்ததால் அவரும் நம்பிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பதினொன்று ஐந்துக்கு ஒரு வாடகைக் காரில் ஏறினாள். பைக்குள் வரலாற்றுக் குறிப்புப் புத்தகமும், அதற்கடியில் தகடு கோத்த கழுத்துப் பட்டையும் லைசன்ஸ் ரசீதும் இருந்தன. நான்கு நாளாக அவற்றைச் சுமந்துகொண்டுதான் திரிகிறாள்.

வனேசாவுக்கு வயது பத்தொன்பது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம். அப்பா பேசிலுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மா சாந்தமேரி ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் இரவு ஷிஃப்டுக்குச் சமைக்கிறாள். ஆறு வாரத்துக்கு முன்பு வரை வனேசாவின் ஓட்டமும் படிப்பும் ஒரே லட்சணத்தில்தான் இருந்தன. இரண்டையும் திங்கட்கிழமை தொடங்கி புதன்கிழமை விட்டுவிடுவாள். ஒருநாள் காலை திடலை மூச்சு வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தபோது இந்தப் பழுப்பு நாய் பின்னாலேயே மூன்று சுற்று ஓடி வந்தது. நான்காவது சுற்றில் இவளை முந்திப் போய் நின்று, இவ்வளவுதானா என்பதுபோல் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு ரோஷப்பட்டு ஐந்தாவது சுற்றும் ஓடினாள். நாய் வீடுவரை வந்தது, வந்தது வந்ததுதான்.

குடிக்கிற மைலோவின் நிறம் என்பதால் அதற்கு மைலோ என்று பெயர் வைத்தாள். கிள்ளானில் பழுப்பு நாய் வளர்க்கிற பாதிப் பேர் வைக்கிற பெயர், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விடிகாலை ஆறு மணிக்கு மைலோ கதவைப் பிறாண்டும், ஐந்து கிலோமீட்டர் ஓடாமல் விடாது. சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து அவள் சத்தமாகப் படிக்கும்போது தாடையை அவள் சப்பாத்தின் மேல் வைத்துப் படுத்துக்கொள்ளும். படிப்பை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தால் தலையைத் தூக்கி முறைக்கும். மேற்பார்வையாளர் மாதிரி அப்படி ஒரு நாய். மலாக்காவின் வீழ்ச்சிக்கான காரணங்கள் ஆறும் இப்போது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

“நாய்க்குச் செய்ற சேவய வீட்டுக்குச் செய்யலாம்ல?” என்று சாந்தமேரி நாள் தவறாமல் முணுமுணுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே பொரித்த நெத்திலியில் ஒரு பிடியை மைலோவின் தட்டில் போடுவாள்.

அப்படிப்பட்ட அம்மா செய்த வேலைதான் இத்தனைக்கும் காரணம் என்று வனேசா நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளியன்று சாயங்காலம், ஊரே வெடிக்கப் போகிறதே, வாயில்லாத ஜீவன் பயந்துபோகுமே என்று சாந்தமேரி தன் ஜெபப் பெட்டியைத் திறந்தாள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவில் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிய அந்தோனியார் மெடலை நீலக் கயிற்றில் கோத்து மைலோவின் கழுத்தில் கட்டினாள். மந்திரித்த மெடல் நாற்றமெடுத்த தோல்பட்டையில் உரசலாமா? பட்டையைக் கழற்றி, தகடோடு சேர்த்து, சமையலறைக் கதவின் ஆணியில் மாட்டிவிட்டாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு அன்றைக்கு வேலை வைத்தவளே அவள்தான்.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு ரமணி ஆன்டியின் வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தது. மைலோ கேட் வழியே அம்பாகப் பாய்ந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

அன்றிரவு ஆணியில் தொங்கிய பட்டையைக் கண்டதும் வனேசா வீடே அதிரக் கத்தினாள். “தகடு இருந்தா யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்க! உங்க மெடலாலதான்மா அவன் செத்துருப்பான்!” அம்மா அடிப்பிடித்த கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் நடமாடினார்கள்.

ஒன்றை மட்டும் வனேசா யாரிடமும் சொல்லவில்லை. கேட் ஏன் திறந்திருந்தது என்பதை. ரமணி ஆன்டி வீட்டுக்குக் கேக் தட்டை ஏந்திக்கொண்டு போனவள் அவள்தான். இரண்டு கையிலும் தட்டு, வந்து சாத்திக்கொள்ளலாம் என்று போனாள். அங்கே முறுக்கும் அரட்டையும் சேர்ந்து கேட்டை மறக்கடித்தன. தகடு தகடு என்று அவள் போட்ட கூச்சலெல்லாம் அதை மூடி மறைக்கத்தான். இது அவளுக்கே நன்றாகத் தெரியும், தெரிந்துதான் இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

பதினொன்று நாற்பதுக்கு கார் நின்றுவிட்டது. முன்னால் கண்டெய்னர் லோரிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாக நின்றன.

“இது இப்ப நகராது தங்கச்சி, ஏதோ ஆக்சிடன்,” என்றார் காரோட்டி.

“இன்னும் எவ்ளோ தூரம் அங்கிள்?”

“நாலு கிலோமீட்டர் இருக்கும் லா.”

முப்பத்தைந்து நிமிடம், நாலு கிலோமீட்டர். மைலோவோடு ஓடிய ஓட்டத்தில் அந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். கதவைத் திறந்து இறங்கி, பள்ளிப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். லோரிக்காரர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் விசிலடித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. இரண்டாவது கிலோமீட்டரில் விலாவில் பிடித்துக்கொண்டது. நின்றால் தீர்ந்தது என்று தெரிந்ததால் அழுதுகொண்டே ஓடினாள். கேட்டை ஒரு கையால் இழுத்துவிட எத்தனை விநாடி ஆகியிருக்கும்? இரண்டு? மூன்று? ஒவ்வோர் அடிக்கும் அதே கேள்வி வந்தது.

பன்னிரண்டு ஆறுக்கு கவுண்டர் முன்னால் போய் நின்றாள். பேச மூச்சில்லை. ரசீதையும் பட்டையையும் மேசைமேல் வைத்தாள். தொலைபேசியில் பேசிய அதே பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ரசீதைப் பார்த்து, உள்ளே குரல் கொடுத்தாள். ரப்பர் பூட்ஸும் கையில் குழாயுமாக ஒருவர் வந்தார். சட்டையில் குரு என்று பெயர் தைத்திருந்தது.

“தமிழா? வாம்மா, சீக்கிரம். ஆனா ஒண்ணு, காலையில ஒரு செட் முடிஞ்சிருச்சி.”

வனேசா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். “முடிஞ்சிருச்சின்னா?”

அவர் கூண்டுகள் இருந்த பக்கம் முன்னால் நடந்தார்.

கூண்டுகளிலிருந்து வந்த குரைப்பு காதை அடைத்தது. “மைலோ!” என்று கத்தினாள். மூன்று பழுப்பு நாய்கள் தாவி எழுந்து கம்பியில் கால்வைத்து வாலாட்டின. மூன்றும் மைலோக்கள்தான் போலும். அவளுடையது அவற்றில் இல்லை. கடைசிக் கூண்டுவரை போனாள். அது காலியாக, கழுவிவிட்ட ஈரம் காயாமல் கிடந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் வனேசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நம்ப நாய் எப்டி இருக்கும்?” என்று கேட்டார் குரு.

“கழுத்துல... நீலக் கயிறு. மெடல்.”

“அட, சாமி கயிறு கட்டுன நாயா? அத மொதல்லயே சொல்றதில்லையா!” அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தார்.

அங்கே பழைய கூண்டு ஒன்றில், சுவரைப் பார்த்துக்கொண்டு மைலோ படுத்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது. பின்னாலேயே வந்துவிட்ட கவுண்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள். ரசீதில் பழுப்பு நாட்டு நாய் என்றுதான் இருக்கிறது, இந்த ஊரில் நாய்கள் எல்லாமே பழுப்பு நாட்டு நாய்தான், உன்னைத் தெரிந்த மாதிரியே இல்லையே என்றாள். மணி பன்னிரண்டு பன்னிரண்டு.

வனேசா ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து வரலாற்றுக் குறிப்பை எடுத்து, வாசற்படியில் படிக்கும் அதே குரலை வரவழைத்து, மலாக்கா வீழ்ந்த கதையைப் படிக்க ஆரம்பித்தாள். முதல் காரணத்தில் குரல் உடைந்தது. இரண்டாவதில் மைலோவின் காது நிமிர்ந்தது. மூன்றாவதில் அது எழுந்து, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டே ஊர்ந்து வந்து, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து, அவள் சப்பாத்தின் நுனியில் தாடையை வைத்தது. கவுண்டர் பெண் ரசீதின் பின்னால் முத்திரை குத்தினாள்.

“காலையில ஊசி போடுற லிஸ்ட்ல இவனும் இருந்தான்மா,” என்றார் குரு, பூட்டைத் திறந்துகொண்டே. “கயித்தப் பார்த்தேன். எந்தச் சாமியோ தெரியல. ஆனா யாரோ ஒரு அம்மா மனசு வச்சி கட்டியிருக்கு. கை வரல. இங்க கொண்டாந்து ஒளிச்சி வச்சேன். மத்தியானத்துக்கு மேல என்னாலயும் முடிஞ்சிருக்காது.”

நாயோடு வந்த பெண்ணை எந்த வாடகைக் காரும் ஏற்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் குருவே லோரியில் கொண்டுவந்து விட்டார். நாய் பிடிக்கிற லோரி வீட்டு முன்னால் நிற்பதைக் கண்டு சாந்தமேரி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். வந்தவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்கதவு திறந்து மைலோ குதித்ததும் கரண்டி கீழே விழுந்தது. நாயைக் கட்டிக்கொண்டு, அதைத்தான் திட்டினாள், வாய்க்கு வந்தபடியெல்லாம்.

லோரி போனபிறகு மூவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். குரு சொன்னதை வனேசா ஒன்று விடாமல் சொன்னாள்.

“அம்மா, அன்னிக்கு கேட்ட சாத்தாம விட்டது நான்தான்.”

“தெரியும்,” என்றாள் சாந்தமேரி.

“எப்டி?”

“ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தேன், நீ தட்டத் தூக்கிக்கிட்டு போறத. நாமளே போயி சாத்திரலாம்னு நெனச்சேன். அடுப்புல கறி அடிப்பிடிச்சிருச்சி, உள்ள ஓடிட்டேன்.”

“ஏம்மா சொல்லல? நான் உங்கள எவ்ளோ பேசுனேன்!”

“பரீட்ச வச்சிருக்கிற பிள்ள. அதயும் தலயில தூக்கி வச்சிக்கிட்டு நீ எப்டிப் படிப்ப?” சாந்தமேரி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “எனக்கு என்னா, நான் படிக்கிறனா எழுதுறனா. என் மேலயே இருந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்.”

வனேசாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து விம்மினாள். சாந்தமேரி அவள் பையைத் துழாவி, பட்டையை எடுத்து, நீலக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே மைலோவின் கழுத்தில் மாட்டினாள்.

“அழுதது போதும், எழுந்திரு,” என்றாள். “மொதல்ல போயி அந்த கேட்ட சாத்து.”