உறையாத பால்

அறுபதுகளின் தொடக்கத்தில், நெளுக்குளத்தில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டில் தயிர் உறையாமல் போகத் தொடங்கியது. அப்போது நான் கொழும்பில் பயிற்சியை முடித்து, வவுனியா வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலேரியாவுக்கு இரத்தம் பார்ப்பதும் சலம் பார்ப்பதுமே பெரும்பாலும் வேலை. தனியாக வந்த பெண்ணுக்கு வீடு கொடுக்க அந்தக் காலத்தில் எல்லோரும் யோசித்தார்கள். அந்த வீட்டில் இடம் கிடைத்தது பெரிய காரியமாகவே எனக்குப் பட்டது.

வீட்டுக்காரியை மாமி என்று கூப்பிட்டேன். உறவில்லை, மரியாதைக்குத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறிய குடும்பம். கணவர் இறந்தபின் வயலையும் மாடுகளையும் மாமி தனியாகவே நடத்தினார். நல்ல கறவை மாடுகள். காலைப் பால் நகரத்துத் தேநீர்க்கடைகளுக்குப் போகும். மாலைப் பாலைத் தயிராக்கி விற்பார். என்னை நன்றாகவே கவனித்தார் என்று சொல்ல வேண்டும். நான் வேலைவிட்டு வரும்போது குசினியில் எனக்கென்று ஒரு கோப்பை தேத்தண்ணி மூடி வைக்கப்பட்டிருக்கும்.

மாடு கறக்க ஒரு பெண் இருந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து புருசனோடு வேலை தேடி வந்தவள். அவன் காடு வெட்டப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். மாட்டுக் கொட்டிலோடு சேர்ந்த ஒரு சாய்ப்பில் அவள் இருந்தாள். நான் வந்தபோது அவள் கர்ப்பிணி; தயிர் உறையாமல் போனபோது நிறைமாதம்.

தயிர் உறையாத முதல் நாள், மாமி அவளைக் கூப்பிட்டுச் சட்டியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். சட்டியைக் கழுவவில்லை, ஊத்தைக் கையோடு கறந்திருக்கிறாள் என்றார். அவள் கழுவித்தான் வைத்தேன் என்றாள். மாமி அந்தத் தண்ணிப் பாலை அவள் தலையில் ஊற்றினார். பிறகு முற்றத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த நாளும் அப்படியே நடந்தது. அவள் முதல் நாளே பழகிவிட்டவள்போல, மாமி சட்டியோடு வருவதைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துக் கண்களை மூடிக்கொண்டு நின்றாள்.

காரணம் எனக்குக் கொட்டிலில் தெரிந்தது. மாடுகளில் சிலவற்றுக்கு மடி வீங்கிக் கல்லாகியிருந்தது. மாமியின் தம்பி கிழமைக்கொருதரம் யாழ்ப்பாணம் போய் வருபவர். அவர் வாங்கி வந்த பெனிசிலின் களிம்புக் குழாய்களை மாமி தன் கையாலேயே மாடுகளின் முலைக் காம்புக்குள் பிதுக்கினார். ஒரு மாட்டுக்குரியதை நாலு மாட்டுக்குப் பங்கிட்டார். வீக்கம் கொஞ்சம் வற்றியதும் நிறுத்துவார், திரும்ப வந்ததும் தொடங்குவார். அந்தப் பாலைத்தான் உறைக்கு வைத்தார்கள். பெனிசிலின் கலந்த பாலில் தயிரை உண்டாக்கும் கிருமியும் பிழைக்காது. பிறகு எப்படி உறையும்?

இதை மாமிக்கு விளங்கப்படுத்தினேன். அரைகுறையாக மருந்து கொடுத்தால் மடியிலுள்ள கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்றும் சொன்னேன். மாமி கதிரையில் சாய்ந்திருந்து முழுவதையும் கேட்டார். அதன்பின் உறைக்கு வைக்கும் பாலை மருந்து போடாத மாடுகளிலிருந்து எடுக்கச் செய்தார். தயிர் உறைந்தது. ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துக் குழாய்களைப் பங்கிடுவதும் நிற்கவில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியுமுன்பே கறவைக்கு இறங்கினாள். சில நாட்களில் அவளுடைய இடது மார்பு வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. மாமி அவளை வைத்தியசாலைக்கு விட மறுத்தார். கறந்து முடித்துவிட்டுப் போகலாம் என்றார். அவள் ஒரு கையால் கறந்ததை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாடு அசைந்து அவள் மார்பில் இடித்தபோது வாய்க்குள் சேலையைத் திணித்துக்கொண்டாள்.

கடைசியில் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியசாலையில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லா நோய்க்கும் அதுதான். வீக்கம் குறையவில்லை, பெருத்தது. டொக்டர் கட்டியைக் கீறினார். விறைப்பு மருந்து முடிந்துபோயிருந்ததால் இரண்டு தாதிமார் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். டொக்டர் கெட்டவர் அல்ல. நிறைய நோயாளரும் குறைந்த மருந்தும் அவரை அப்படி ஆக்கியிருந்தன. கத்தாதே, பிள்ளை பெறும்போது கத்தினது போதும் என்று அவளிடம் சொன்னார். நான் வாசலில் சீழுக்காகச் சின்னப் போத்தலோடு நின்றேன்.

அந்தச் சீழைக் கிருமி வளர்க்கும், இரத்தம் கலந்த கூழ்த் தட்டில் பூசி, நடுவில் பெனிசிலினில் தோய்த்த வட்டக் கடதாசியை வைத்து, மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் பெட்டிக்குள் வைத்தேன். மருந்து வேலை செய்தால் கடதாசியைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வெளி விழும். மறுநாள் தட்டைத் திறந்தபோது அப்படி ஒரு வெளி இல்லை. பொன்னிறப் பொட்டுகள் கடதாசியின் விளிம்பு வரை நெருங்கி முளைத்திருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. படிப்பில் மட்டும் கேள்விப்பட்ட ஒன்றை முதன்முதல் கண்ணால் கண்ட கிளர்ச்சியும் இருந்தது. அவள் நோயாளர் வாட்டில் முனகிக்கொண்டிருந்தாள். நான் தட்டை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கொட்டிலுக்குப் போய் வீங்கிய மடிகளிலிருந்து பால் எடுத்து வந்து அதேபோலப் பூசினேன். அதே பொட்டுகள், அதே நிறம், கடதாசியிடம் அதே அலட்சியம்.

டொக்டர் இரண்டு தட்டுகளையும் பார்த்தார். பெனிசிலினைத் தொடர்வதில் பயனில்லை, புதிதாக வந்திருக்கும் டெட்ராசைக்கிளின் மாத்திரை கிடைத்தால் பார்க்கலாம் என்றார். எங்கள் வைத்தியசாலையில் அது இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து மருந்துக்கடையில் வாங்கலாம். அதற்கு மருந்துத் துண்டு எழுதித் தந்தார். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாமியின் தம்பி அடுத்த நாள் யாழ்ப்பாணம் போகவிருந்தார். அதனால் துண்டையும் காசையும் அவரிடம் கொடுத்துவிட்டேன்.

இதற்குள் குழந்தையின் உடம்பில் கொப்புளங்கள் போட்டிருந்தன. தாய்க்கு இடது பக்கம் பால் கொடுக்க முடியவில்லை. மற்ற மார்பில் குடித்த குழந்தைக்கு வாயைச் சுற்றி முதலில் வந்தது. பிறகு தோல் வெந்ததுபோல உரிந்தது. அது அழுவதை நிறுத்திவிட்டது.

மாமியின் தம்பி திரும்பி வந்தபோது மேசையில் ஒரு பொதி இருந்தது. பிரித்துப் பார்த்தேன். டெட்ராசைக்கிளின்தான், ஆனால் மாட்டு மடிக்குப் போடும் குழாய்கள். மாத்திரை இல்லை. துண்டும் காசும் அப்படியே என்னிடம் திரும்பி வந்தன. மறந்துவிட்டாரா என்று கேட்டேன்.

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அவன் மறக்கேல்லை, பிள்ளை. வாங்க வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்.”

“ஏன் மாமி? அவ செத்துப்போவா.”

“மாடு பால் தருது. அவள் இனி என்னத்தைத் தரப்போறாள்?”

கோபத்தோடு சொல்லவில்லை. கீரையில் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். நான் இரண்டு தட்டையும் பற்றிச் சொன்னேன். மாட்டு மடியிலும் அவள் மார்பிலும் ஒரே கிருமி, அரைகுறை மருந்தில் வளர்ந்தது, இந்தப் புதிய மருந்தையும் அப்படிப் பங்கிட்டால் இதற்கும் பழகிவிடும் என்றேன்.

மாமி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டும் ஒண்டோ?”

“ஓம்.”

“அப்ப அவள்தான் என்ர மாட்டுக்குக் குடுத்தவள்.”

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தட்டு சொல்லாது, ஆனால் மாட்டுக்கு வீக்கம் வந்து கனநாளைக்குப் பிறகுதானே இவளுக்கு வந்தது என்றேன். அவர் கேட்கவில்லை. ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

மாத்திரைக்கு நான் வேறொருவரைப் பிடித்து அனுப்பினேன். அது வந்து சேருமுன்பே குழந்தை இறந்துவிட்டது. தாய் மாத்திரையைக் குடித்தாள். காய்ச்சல் விட்டது. மார்பு ஆழமான குழியோடு ஆறியது.

அவள் கொட்டிலுக்குத் திரும்பிய அன்று அவளுடைய பாயும் பானையும் படலைக்கு வெளியே கிடந்தன. சாய்ப்பில் வேறொரு பெண் குடிவந்திருந்தாள். மாட்டுக்கு நோய் கொண்டுவந்த தோட்டக்காரி என்று மாமி அயலெல்லாம் சொல்லியிருந்தார். ஆசுப்பத்திரியில வேலை செய்யிற பிள்ளையே கண்ணாடியில பார்த்துச் சொன்னது என்றும் சேர்த்துச் சொன்னார். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நான் வீடு வீடாகப் போய் மறுத்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவரும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கண்டி வீதிப் பக்கமாக நடந்தாள். குழந்தையைப் புதைத்த இடத்தை யாரிடமும் கேட்கவில்லை. வாட்டில் மயங்கிக் கிடந்தபோது புதைத்திருந்தார்கள்.

அந்த மாதமே நான் வீடு மாறினேன். புதிய மருந்து அந்த மாடுகளுக்கு ஒரு போகம் வரை கேட்டது என்று அறிந்தேன். பிறகு அதுவும் கேட்கவில்லை. மாமி அனுமதிக்காவிட்டாலும், புதிதாகக் கறக்க வந்த பெண் எனக்குச் சிறு போத்தலில் பால் கொண்டுவந்து தந்தாள். இம்முறை பெனிசிலினுக்கும் டெட்ராசைக்கிளினுக்குமாக இரண்டு கடதாசிகள் வைத்தேன். இரண்டையும் சுற்றிக் கிருமி நெருக்கமாக வளர்ந்திருந்தது. மாமி மாடுகளை ஒவ்வொன்றாக இறைச்சிக்கு விற்றார். அதற்குப் பிறகும் நன்றாகத்தான் இருந்தார். வயல் விளைந்தது. என்னை வழியில் கண்டால் நின்று சுகம் விசாரிப்பார்.

மாடுகளிலும் மனிதரிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தேடுவதே பின்னர் என் வாழ்நாள் வேலையாயிற்று.

அவளை இன்னொருமுறை கண்டேன். மாங்குளம் புகையிரத நிலையத்தில் என் வண்டி நின்றபோது, பெட்டி பெட்டியாக ஏறிக் கச்சான் கடலை விற்றுக்கொண்டு வந்தாள். யன்னலோரம் இருந்த என்னை அடையாளம் கண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். வேறொருவரோடு இருப்பதாகவும், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஒரு பக்கம்தான் பால் கொடுத்து வளர்த்ததாகவும் சொன்னாள். மாமியைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்தச் செவலை எப்படிம்மா இருக்கு? வளைஞ்ச கொம்பு மாடு?”

இறைச்சிக்குப் போய்விட்டது என்றேன். அவள் கச்சான் கூடையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

“நாந்தான் சீக்குக் குடுத்தேன்னு அங்க இன்னும் சொல்றாங்களா?”

சொல்கிறார்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் கச்சான் சுருளொன்றை என் மடியில் வைத்தாள். காசை வாங்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.