மணல் தட்டின் முன்னால் கொத்தனார்

முப்பது வருஷம் மணலோடு மாரடித்த கொத்தனாரைத் தட்டு நிறைய மணலுக்கு முன்னால் உட்கார வைத்தால் கோபம் வராதா? கூடவே வேலை பார்த்த தம்பி சாரத்திலிருந்து விழுந்து செத்த நாளிலிருந்து அவர் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். பொறுக்க முடியாமல் மனைவிதான் இந்த மனநல ஆலோசகரிடம் இழுத்து வந்திருந்தாள்.

"இந்த மணலையும் அலமாரியில இருக்கிற பொம்மைகளையும் வெச்சு மனசுக்குத் தோணுறதைச் செய்யுங்க," என்றார் ஆலோசகர்.

"என்னைப் பாத்தா சின்னப் பிள்ளை மாதிரி தெரியுதா?" என்று சீறினார் கொத்தனார். "மண்ணுல விளையாடுனா செத்தவன் வந்துருவானா?"

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மணலில் கிடந்த பொடிக்கல்லைப் பொறுக்கி எறிந்தது, மட்டம் தட்டியது. அலமாரியிலிருந்து ஒரு பொம்மை வீட்டை எடுத்து வைத்து, கூரைமேல் பொம்மை ஆளை நிறுத்தியது. ஆள் சரிந்து விழுந்தான். மறுபடி நிறுத்தினார். மறுபடியும் விழுந்தான்.

"தொலைஞ்சு போ!" என்று கத்தியவர், இரண்டு கையாலும் மணலை வாரி வாரிப் பொம்மை வீட்டின் சுவரடியில் மெத்தைபோல் குவித்தார். அடுத்த முறை பொம்மை அதில் மெத்தென்று விழுந்தது.

கொத்தனார் அந்த ஆலோசகர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் விழுந்த இடத்துல மணல் இல்லைம்மா, செங்கல் இருந்துச்சு." குரலில் அதே கோபம்தான், அது பாய்ந்த ஆள்தான் வேறு. "கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்னு அதை அங்க அடுக்குனதே நான்தான்."