முதலாளியின் கல்

எங்கள் அப்பா ஆறு வருடம் ஒரு கற்குவியலுக்குக் காவல் இருந்தார். சம்பளம் கிடையாது. கேட்டவர் எவருக்கும் இல்லை என்று சொல்வதுதான் வேலை.

ஒட்டுசுட்டானில் காட்டோரமாக, எங்கள் வளவை ஒட்டி ஒரு சின்னக் கல்லுக்குழி இருந்தது. கருங்கல்லைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்த பாறைக்குழம்பு மெல்ல ஆறியதால்தான் அங்கே பளிங்குகள் கைப்பிடி அளவுக்கு வளர்ந்தன என்று பின்னாளில் படித்தேன். நடுவில் வெள்ளைக்கல், இரு பக்கமும் இளஞ்சிவப்பாகப் பெல்ஸ்பார், ஓரமெல்லாம் தகடு தகடாக மினுங்கும் காக்காப்பொன். வெள்ளைக்கல் கண்ணாடி செய்யவும் பெல்ஸ்பார் பீங்கான் செய்யவும் தெற்கே லொறியில் போகும். அப்பா உடைப்பார். அம்மா சின்னச் சுத்தியலால் காக்காப்பொன்னைத் தட்டி நீக்கி இனம் பிரிப்பார். தொண்ணூறில் சண்டை தொடங்கிப் பாதை மூடியதும் லொறியும் நின்றது, வெடிமருந்தும் நின்றது. பிரித்துவைத்த பெல்ஸ்பார் எங்கள் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பாதை திறந்ததும் வருவேன், ஒரு கல்லும் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டு முதலாளி வவுனியாவுக்குப் போனார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். படிக்கட்டுக்குக் கல் கேட்டு வந்த கோயில் தலைவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பிவைத்தார்.

தொண்ணூற்றாறில், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு மாமியும் மகளும் எங்கள் வளவின் மூலையில் கொட்டில் போட்டார்கள். சொந்தமில்லை, மாமி என்று கூப்பிட்டோம், அவ்வளவுதான். மகள் என் வகுப்பு. கணக்கில் அவள் முதலாவது, கையெழுத்தில் அவள் முதலாவது, பாட்டிலும் அவள்தான். அவள் வரும்வரை அந்த இடங்கள் என்னுடையவை. அவளுக்குத் தெரியாத, எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் கல்.

குண்டுவீச்சு நேரம் பதுங்க மாமி தனியாக நிலத்தில் ஒரு பங்கர் வெட்டினார். அந்த மண் வெறும் மணல். மாரி தொடங்கியதும் வாசல் சரியத் தொடங்கியது. ஒருநாள் பார்த்தால் வாசலின் இரு பக்கமும் கல் அடுக்கியிருந்தது. மேலே மண் பூசியிருந்தாலும் எனக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது.

அன்று பின்னேரம் கோயில் தலைவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் முன்னால் என் கெட்டித்தனத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது?

"அப்பா, மாமியின்ரை பங்கர் வாசலிலை இருக்கிறது எங்கடை பெல்ஸ்பார்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது வயல் கல்லு. போய்ப் படி."

"இல்லையப்பா. உடைஞ்ச பக்கம் தட்டையா மினுங்குது. வயல் கல்லு அப்பிடி மினுங்காது. காக்காப்பொன்னும் ஒட்டிக்கிடக்கு."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப சாமிக்குத்தான் இல்லையெண்டனீர், என்ன?" என்றார்.

அப்பா எழுந்து போனார். நானும் பின்னால் போனேன், வெற்றி பெற்றவள் மாதிரி.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ," என்றார் அப்பா. "முதலாளி என்னை நம்பி விட்டிட்டுப் போன கல்லு."

மாமி கோபப்படவில்லை. "ஓம் தம்பி. சும்மாதானே கிடக்குதெண்டு எடுத்திட்டன். நானும் பிள்ளையும் கொண்டுவந்து போடுறம்."

இருவரும் சட்டியில் சுமந்துவந்து குவியலில் போட்டார்கள். எத்தனை நடை என்று தெரியாது. மகள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் நிலத்தையே பார்த்தாள். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு அன்று சோறு இனித்தது. இதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மழையில் மாமியின் பங்கர் வாசல் இடிந்து மூடிக்கொண்டது. அது காய்ந்தபின் வெட்டலாம் என்று மாமி விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை குண்டு போடும் பொம்பர் வந்தது. எங்கள் பங்கர் கல்லுக்குழிக்குள், பாறையைக் குடைந்து செய்தது. அம்மா வாசலில் நின்று, "ஓடி வாங்கோ அக்கா, இஞ்சை இடமிருக்கு," என்று கத்தினார். இருவரும் வளவைக் குறுக்கறுத்து ஓடிவந்தார்கள். மகள் வந்து சேர்ந்தாள். மாமி வந்து சேரவில்லை. சத்தம் அடங்கும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய கையும் அங்கே எட்டவில்லை.

செத்தவீடு முடிந்ததும் தர்மபுரத்திலிருந்து அவளுடைய சித்தப்பா சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிப்போனார். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பா குவியலிலிருந்து கல் சுமக்கத் தொடங்கினார். நல்ல கல்லாகத் தேர்ந்து, மாமியின் பங்கர் வாசலைத் தோண்டித் துப்புரவாக்கி, சுவர்போல நேராக அடுக்கினார். மத்தியானம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆளில்லாத கொட்டிலுக்கு எதற்குப் பங்கர் என்று எனக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

"அப்பா, முதலாளி வந்து கேட்டால்?"

அதுவரை என்மேல் கை வைக்காத அப்பா, கன்னத்தில் அறைந்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். என்னைத் தேற்ற வரவில்லை.

முதலாளி வரவேயில்லை. தெற்கே வேறு குழி வெட்டி நன்றாக இருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். மாமியின் பங்கரிலிருந்த கல்லை அப்பா முன்பே பார்த்திருந்தார், பார்க்காத மாதிரி இருந்தார் என்பதை அம்மா எனக்குச் சொன்னது எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகு.

அன்றோ நான் நாள் முழுக்கத் தேம்பி அழுதேன், களவெடுத்தது அவர்கள், அடி மட்டும் எனக்கா என்று.