மெயினை அணைத்தவர்

ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு பால் தொழிற்சாலை. பாக்கெட் போடும் இயந்திரங்கள் அத்தனையையும் ஒற்றைக் கேபிளில் கோத்துக் கட்டி மேய்க்கும் கன்ட்ரோலர் அங்கே அடிக்கடி நின்றுவிடும். அப்போது அதன் சிவப்பு விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணித்தான் கோளாறு எங்கே என்று சொல்ல முடியும். மெயினை அணைத்தால் அந்தத் தடயமும் போய்விடும்.

அதைப் பழுதுபார்க்க நான் விளாங்குடியிலிருந்து வெயிலில் வண்டியோட்டிப் போய்ச் சேர்வதற்குள், அங்கிருந்த சூப்பர்வைசர் ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்து மறுபடி போட்டிருப்பார். இஸ்திரி குலையாத சட்டை, பேனா இருக்கவேண்டிய பையில் டெஸ்டர், வாய் நிறையச் சிரிப்பு.

"ஓடுதுண்ணே! டீ சாப்பிட்டுப் போங்க."

மறுநாளே, பால் தேங்கி நிற்கிறது என்று அவரே போன் செய்வார்.

ஒருநாள் கத்திவிட்டேன். "நான் வந்து பாக்குற வரைக்கும் அதத் தொடவே கூடாது, புரியுதா?"

அடுத்த முறை உண்மையிலேயே தொடவில்லை. ஒருவரையும் அண்டவிடாமல் கன்ட்ரோலர் பெட்டி முன்னால் காவல் நின்றார். அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு மினுக்கியது. எனக்கு அழுகையே வரும்போலிருந்தது. கதவைத் திறந்து, எண்ணக் குனிந்தேன். விளக்கு அணைந்தது.

திரும்பினால், அவர் கை மெயின் சுவிட்சில்.

"கைய உள்ள விடப்போறீங்கள்லண்ணே, ஷாக் அடிச்சிருச்சுன்னா?"

அந்தக் கோளாறு எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த ஆலையில் பெட்டியைத் திறந்தாலும் அவரைத் திட்டுகிறேன். திட்டிக்கொண்டே, கையை விடுமுன் மெயின் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.