யாரும் தொடாத படம்

மலேசியாவில் எங்கள் அலோர் காஜா வட்டாரத்தில் திலகா படம் எடுக்காத கல்யாணம் குறைவு. திலகா என் மனைவி. கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் பெரிய மனிதர்களையும் "அண்ணே, வயித்த உள்ள இழுங்க" என்று அதட்டுவாள். நான் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். சனி ஞாயிறுகளில் அவளுக்கு விளக்குத் தூக்கி.

நியாலாஸில் ஒரு கல்யாணத்தில் வினை வந்தது. நம் ஆட்கள் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட மன்னிப்பார்கள். மேடையில் சொந்தபந்தம் நாலு வரிசையாக நிற்கும் படத்தில் தன் முகம் தெரியாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். கடைசி வரிசையில் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பா மங்கலாக விழுந்துவிட்டார்.

"என்னை மட்டும் பேய் மாரி எடுத்திருக்கியேம்மா!" என்று போனில் குதித்தார்.

அன்றிலிருந்து திலகா லென்ஸின் துளையை இருப்பதிலேயே சிறியதாக, இருபத்திரண்டாம் எண்ணில் வைக்கத் தொடங்கினாள். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். துளை சிறுத்தால் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெளியும் என்பது அவள் படித்த பாடம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. எல்லா முகங்களும் ஒன்றுபோல லேசாகக் கலங்கி வந்தன.

அவள் துளையைச் சந்தேகிக்கவில்லை, தன் கையைச் சந்தேகித்தாள். அவள் அப்பா சுகுமாரனுக்கு இதே வயதில்தான் கை நடுங்கத் தொடங்கியது. கடைசியில் ஊட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. என்னிடம் அவள் வாய் திறக்கவில்லை. எனக்குத் தரும் தேநீர் மட்டும் பாதிக் கோப்பையாகிப் போனது. தளும்பினால் தெரிந்துவிடுமே! அதைப் பார்த்துத்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தேன்.

"ஸ்டாண்டுல வச்சு எடுத்துப் பாரேன்," என்றேன்.

"அதுல தெளிவா வந்துட்டா?" என்றாள்.

வந்தால் குற்றம் கையுடையது. அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் ஸ்டாண்டைத் தொடாமல் இருந்திருக்கிறாள்.

ஒருவழியாக, சுவரில் தொங்கிய நாட்காட்டிக்கு எதிரே கேமராவை ஸ்டாண்டில் பூட்டினாள். எண் அதே இருபத்திரண்டு. தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு இருவரும் தள்ளி நின்றோம். சத்தம் கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கலங்கல்.

"மங்கல்தான்," என்றேன்.

"நெசமாவா? யாருமே தொடலை லா!"

மங்கலான படத்துக்கு இப்படித் துள்ளிக் குதித்தவளை நான் கண்டதில்லை. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து எடுத்தாள். எட்டில் எழுத்துகள் அச்சடித்தபடியே வந்தன. போனில் தேடிப் படித்துவிட்டுக் காரணமும் சொன்னாள். துளை மிகவும் சிறுத்தால் அதில் நுழையும் ஒளி விரிந்து பரவிவிடுமாம். கூர்மையான புள்ளியாக விழாதாம்.

"அப்போ பெரியப்பா?"

"நான் நாலடி பின்னால போயி நின்னுக்கறேன். தள்ளி நின்னா கடைசி வரிசையும் தெளிவா விழும். எட்டு போதும்."

அன்று சாயங்காலம் தேநீர் விளிம்பு வரை வந்தது. கொஞ்சம் தட்டிலும் சிந்தியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்ததால் சிந்தியது.