போர்வைக்குப் பின்னால் இருந்த சுவர்

சென்ற வாரம் நுவரெலியாவில், நாலு பேர் முன்னிலையில் என் மானம் கப்பலேறியது.

ஏப்ரல் சீசன் அல்லவா? ஊரெல்லாம் பூ, கார், தொப்பி. என் கணவருக்குத் தெரிந்த ஒரு கடை முதலாளி, "வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று பிடித்துக்கொண்டார். போனோம். ஹால் சுவரில் ஒரு ஒட்டுப்போர்வை தொங்கியது. முதலாளியின் மனைவியே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்ததாம். நீலமும் வெள்ளையும்... கரை அத்தனை நேர்த்தி! வந்திருந்தவர்கள் எல்லோரும் "ஆகா" என்றார்கள்.

நானும் ஒரு "ஆகா" சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தேனா? நேரே எழுந்து போய், போர்வையின் ஓரத்தைத் தூக்கி, பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். அதோடு விட்டேனா? விரலை மடக்கித் தட்டியும் பார்த்தேன்.

அந்த அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "ஏங்க, எங்க வீட்டுல மூட்டைப்பூச்சி இருக்கும்னு பாக்கிறீங்களா?" என்று கேட்டே விட்டார். அசடு வழிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஹட்டனில் இறங்கிப் பொகவந்தலாவை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், "இன்னும் எத்தனை வருசத்துக்கு இப்படி ஊரான் வீட்டுச் சுவரத் தட்டிக்கிட்டே திரியப் போற?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு கடிதம். தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி. "ஒட்டுப்போர்வையைத் தைத்து முடிப்பது எப்படி, வீட்டில் அழகாகத் தொங்கவிடுவது எப்படி, மழைக்கும் வெயிலுக்கும் என்ன செய்யவேண்டும் என்று உங்கள் பத்தியில் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். வேளை பார்த்து வந்த கடிதம்!

சரி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி கூடிப்போய்ச் சுருக்கம் விழும். உள்ளே வைக்கும் கிழிந்த கம்பளியை இரண்டு நாள் நல்ல வெயிலில் போடாமல் வைத்துத் தைத்தீர்களோ, பிறகு ஜென்மத்துக்கும் அந்த வாடை போகாது. கரை கட்டுவது கடைசி வேலை. பழைய சேலையின் கரையையே நாலு விரல் அகலத்துக்கு வெட்டி மடித்துத் தைத்தால் போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை. மூலைகளில் மட்டும் அவசரப்படாதீர்கள். தையல்காரியின் குணம் மூலையில் தெரிந்துவிடும்.

தை, மாசியில் விடியற்காலை புல்லெல்லாம் பனி வெளுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். அந்த வெயிலில் உட்புறம் வெளியே தெரியக் கயிற்றில் போடுங்கள். சித்திரையில் விருந்தாளிகள் வருவார்கள், சுவரில் தொங்கவிடலாம். வைகாசி முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் நம் மலையில் சுவருக்கே வேர்க்கும், ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். அடுப்புக்கு மேலே ஒரு மூங்கிலைக் கட்டிப் போட்டால் புகையில் காய்ந்து கிடக்கும். தீபாவளிக்கு எடுத்துக் கட்டிலில் விரிக்கலாம். மடிப்பை மட்டும் மாதம் ஒருதரம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்தில் இற்றுப்போகும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

அப்போதும் இதே தேயிலைத் தோட்டம்தான். என் கணவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதே கட்டடத்தில் நான் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன். பதினொரு பெண்கள், இரண்டு கத்தரிக்கோல். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள் அவர்களுக்கு. ஊசி குத்தினால்கூடத் தெரியாது என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களில் கெட்டிக்காரி அங்கம்மா. புருஷன் சுப்பையா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரே மகள் சரோஜா, ஒன்பது வயது, என் கணவரிடம் படித்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா தன் கல்யாணச் சேலையின் மிச்சத்தையும் சுப்பையாவின் பழைய தலைப்பாகையையும் சேர்த்து ஒரு போர்வை தைத்திருந்தாள். சிவப்பும் மஞ்சளும். மூன்று பக்கம் கரை கட்டியாகிவிட்டது, நான்காம் பக்கம் மட்டும் பாக்கி. அதற்குள் பங்குனி வந்துவிட்டது.

பங்குனியில் தோட்டத்து மேனேஜர் பெரிய துரை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் பார்க்க வருவார். ஒவ்வொரு ஒற்றையறைக் காம்பராவாகக் குனிந்து நுழைந்து பார்த்து, எந்தச் சுவர் பூச வேண்டும், எந்தத் தகரம் மாற்ற வேண்டும் என்று சொல்லச் சொல்லக் கிளாக்கர் எழுதிக்கொள்வார். எழுதியதை மழைக்கு முன் கொத்தனார் வந்து செய்வார். துரை கண்ணில் படாதது அடுத்த பங்குனிக்குத்தான்.

அங்கம்மாவின் காம்பரா லயத்தின் கடைக்கோடி. பின்சுவரை ஒட்டி மண்மேடு. அந்தச் சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு... விரல் நுழையும். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் மூன்றுதரம் சொல்லியிருந்தாள். "துரை வரட்டும், பாக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் அந்த நாளுக்காக அங்கம்மா காத்திருந்தாள்.

நானும் காத்திருந்தேன் — வேறு காரணத்துக்காக. அந்தமுறை துரையின் மனைவி துரைசாணியும் கூட வருவதாகப் பேச்சு. கைவேலை என்றால் அவருக்கு உயிராம். பங்களாவில் ஒரு தையல் மிஷின் சும்மா கிடக்கிறதாம். பதினொரு பெண்களுக்கு ஒரு மிஷின் கிடைத்தால்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் அவரவர் போர்வையைப் பார்வையாக மாட்டி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் முன்தாழ்வாரமான இஸ்தோப்பின் கயிற்றில் போட்டார்கள். அங்கம்மாவின் போர்வைதான் எல்லாவற்றிலும் அழகு. அதை மட்டும் கயிற்றில் போட மனம் வரவில்லை.

அன்று காலை சுத்தியலோடு அவள் காம்பராவுக்குப் போனேன். வாசலுக்கு நேர் எதிரே பின்சுவர். வெளிச்சம் விழுவது அதில்தான்.

"டீச்சரம்மா, அந்தச் சுவத்துல வேணாங்க," என்றாள் அங்கம்மா. "தொரை வெடிப்பப் பாக்கணுமுங்க. மழைக்கு முன்னாடி பூசுனாத்தானுங்க உண்டு."

"பெரிய மனுசங்க வாறப்ப வெடிப்பையா காட்டுவாங்க? மொதல்ல போர்வையப் பாக்கட்டும். வெடிப்ப நானே சொல்றேன்."

"சொல்லுவீங்கல்ல?"

"அதான் சொல்றேங்கிறேன்ல!"

சுப்பையா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "விடு புள்ள. டீச்சரம்மா இங்கிலீசுல ஒரு வார்த்த சொன்னா, நீ நூறுதரம் சொன்னதுக்குச் சரி," என்று சிரித்தார்.

ஆணி இரண்டே அடியில் உள்ளே இறங்கியது. நல்ல சுவர் அவ்வளவு லேசாக ஆணியை வாங்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. கரை கட்டாத பக்கத்தை மேலே வைத்து உள்ளே மடித்து மாட்டினேன். வெடிப்பும் தெரியவில்லை, கரையின் குறையும் தெரியவில்லை.

துரை வந்தார். குனிந்து நுழைந்தார். துரைசாணி போர்வையைத் தடவி, "லவ்லி, லவ்லி" என்றார். துரை நாலு சுவரையும் ஒரு பார்வை பார்த்து, "இது நல்ல காம்பரா" என்றார். கிளாக்கர் எழுதிக்கொண்டார். அவர்கள் வெளியே போக, நான் துரைசாணியின் பின்னாலேயே ஓடினேன். நூல் என்ன, ஊசி என்ன, மிஷின் என்ன... வாய் ஓயாத பேச்சு. வெடிப்பு ஞாபகம் வந்தபோது ஜீப் கிளம்பிவிட்டது. போகட்டும், நாளைக்கு ஆபீசில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளை வரவே இல்லை. ஒருநாள் விருந்தாளி, ஒருநாள் தலைவலி. அங்கம்மா ஒருதரம் கேட்டாள். "சொல்றேன்" என்றேன். இரண்டாம் தரம் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சொல்லியாச்சு" என்றேன்.

பொய். பச்சைப் பொய். அதை நம்பி அவள் அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளையிடமும் போகவில்லை. கொத்தனார் வருவார், வருவார் என்று இருந்துவிட்டாள். கொத்தனார் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று போர்வையும் சுவரிலேயே தொங்கியது.

ஆனி மாதம், விடாமல் மூன்று நாள் மழை. சுப்பையாவுக்குக் காய்ச்சல், காம்பராவில் படுத்திருந்தார். அங்கம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. முன்வரிசை வாங்கில் இருந்த சரோஜாவுக்கும் கேட்டது.

மண்மேடு சரிந்து பின்சுவரைத் தள்ளிவிட்டிருந்தது. ஆண்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட தாள்களை வைத்திருந்த தகரப்பெட்டி ஒரு நசுங்கல் இல்லாமல் முதலில் கிடைத்தது. சுப்பையா கடைசியில் கிடைத்தார். அவர் மேல் அந்தப் போர்வை கிடந்தது.

மூன்றாம் நாள் ஆபீசில் விசாரணை. பெரிய துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "நான் பாத்தது. அந்தச் சுவர்ல வெடிப்பு இல்ல. போர்வை இருந்தது. யார் அதை அங்க மாட்டினது?"

அங்கம்மா என்னை ஒரே ஒருதரம் பார்த்தாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"நாந்தாங்க தொரை," என்றாள். "அழகா இருக்கட்டுமேன்னு நாந்தாங்க தொங்கவிட்டேன்."

கிளாக்கர் அப்படியே எழுதிக்கொண்டார். விசாரணை முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் கணவரின் வேலை போய்விடுமோ என்ற பயம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். மீதி வெட்கம்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "மாஸ்டர வேற எடத்துக்கு அனுப்பிட்டா சரோசா படிப்பு என்னாகுமுங்க? எம் புருசனே போயிட்டாரு. இனி எம்பேரு இருந்தா என்ன, போனா என்னங்க?" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். அழுதும் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வாரம் பங்களாவிலிருந்து தையல் மிஷின் வந்தது. மேலே தங்கப் பூ வரைந்த கைமிஷின்.

அங்கம்மா போர்வையை ஆற்றில் அலசி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மூலையில் மட்டும் மண் கறை போகவில்லை. "நாலாம் பக்கத்தக் கட்டிக் குடுங்கம்மா," என்றாள். அந்த மிஷினில் நான் தைத்த முதல் தையல் அதுதான். கோணிக்கொண்டு போயிற்று.

ஏழு வருடமாகத் தண்ணிக் குழாயடியில் அங்கம்மாவுக்கு ஒரு பேர் இருக்கிறது. "மத்தவளுக எல்லாம் கயித்துல போட்டாளுக. இவ வெடிப்பு மேலயே மாட்டி, அழகு பாத்துப் புருசனப் பறிகொடுத்தா" என்பார்கள். அவள் காதில் விழத்தான் சொல்வார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

போன மாதம் அவள் இப்போது இருக்கும் காம்பராவுக்குப் போயிருந்தேன். போர்வையை வெயிலில் போட எடுத்துக்கொண்டிருந்தாள். சரோஜாவுக்கு இப்போது பதினாறு வயது. "அப்பாவக் கொன்ன துணிய இன்னும் எதுக்கும்மா வச்சிருக்க? நீ தொங்கவிட்டது போதாதா?" என்று கேட்டாள். அங்கம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உதறிக் கயிற்றில் போட்டுவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்க உள்ளே போய்விட்டாள்.

அன்றும் நான் பேசாமல்தான் நின்றேன். சென்ற வாரம் நுவரெலியாவில் கை ஏன் தானாகப் போனது என்று இப்போது விளங்குகிறதா? அங்கே சுவர் நன்றாக இருந்தது. அந்த அம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

இதை எழுதி முடித்ததும் என் கணவரிடம் கொடுத்தேன். "சொல்லியாச்சு" என்று நான் சொன்ன பொய் அவருக்கே இன்றுதான் தெரியும். இரண்டுதரம் படித்தார். பிறகு உறையில் போட்டு, முத்திரையும் அவரே ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு இந்தப் பத்திரிகை வரும். லயத்து இஸ்தோப்பில் சரோஜாதான் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டுவாள். எழுத்துத் தெரியாத அவள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

சரோஜா, இந்த இடத்தில் நிறுத்தாதே, வாசி. அந்த ஆணியை அடித்தவள் உன் அம்மா இல்லை... நான்.